டிவிக்குப் பின்னால் ஒட்டிய எல்இடி பட்டை: கடைசியில் சிவக்கிறது, இருட்டுக் காட்சியில் புள்ளி புள்ளியாக மின்னுகிறது

பூன்லே_ரசிகன் எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, வரவேற்பறையில் 55 அங்குல டிவி, சுவரில் மாட்டியது. திரையில் ஓடும் நிறமே பின்சுவரிலும் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டு நானே ஒரு விளக்கு அமைப்பு செய்திருக்கிறேன். பிலிப்ஸ் 2004-இல் அம்பிலைட் என்று கொண்டுவந்தார்களே, அதே சங்கதி. அதற்காக டிவியையே மாற்ற வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

என்னிடம் உள்ளவை: டபிள்யூஎஸ் 2812பி பட்டை, மீட்டருக்கு 60 விளக்கு, நான்கு பக்கமும் சேர்த்து 228. அதை ஓட்டுவது வைஃபை உள்ள ஈஎஸ்பி 32 என்ற சின்னப் பலகை, அதில் டபிள்யூஎல்இடி என்ற விளக்கு மென்பொருள். டிவிக்குப் படம் அனுப்பும் பெட்டியிலிருந்து வரும் எச்டிஎம்ஐ ஒரு ஸ்பிளிட்டருக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு வழி டிவிக்கு, இன்னொரு வழி, படத்தைப் பிடித்துத் தரும் யூஎஸ்பி கேப்சர் கார்டு மூலம் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிக்கு. பையில் ஹைப்பர்எச்டிஆர் என்ற மென்பொருள் நிறத்தைக் கணக்குப் போட்டு வைஃபையில் ஈஎஸ்பிக்கு அனுப்புகிறது. கரண்டுக்கு இணையத்தில் வாங்கிய அடாப்டர். மேலே 5 வோல்ட் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறது. பட்டை வலது கீழ் மூலையில் தொடங்கி மேலே ஏறி, மேல்விளிம்பு வழியாகப் போய், இடப்பக்கம் இறங்கி, அடிப்பக்கமாக வந்து தொடங்கிய மூலையிலேயே முடிகிறது.

இப்போது தொல்லைகள். வெள்ளைத் திரை வந்தால் வலப்பக்கம் நல்ல வெள்ளை. மேல்விளிம்பில் போகப் போக மஞ்சள். இடப்பக்கம் இறங்கும்போது ஆரஞ்சு. அடியில் கிட்டத்தட்ட சிவப்பு. தொடக்கமும் முடிவும் ஒரே மூலை என்பதால் அங்கே வெள்ளை விளக்கும் சிவப்பு விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, பார்க்கச் சகிக்கவில்லை.

இரண்டாவது, இருட்டுக் காட்சிகளில் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் இங்கொன்றும் அங்கொன்றும் மின்னி மறைகின்றன. அம்மா பார்க்கும் சீரியலில் இழவு வீட்டுக் காட்சி வந்தால் எங்கள் சுவரில் திருவிழா. வேடிக்கை என்னவென்றால், வெளிச்சமான காட்சியில் இந்தப் புள்ளிகள் வருவதே இல்லை.

மூன்றாவது, சில கட்டணச் செயலிகளைத் திறந்தால் விளக்கு மொத்தமாக அணைந்துவிடுகிறது. சில 4கே படங்களில் எரிகிறது, ஆனால் நிறம் வெளுத்துப் போய் உயிரே இல்லை.

டபிள்யூஎல்இடியை அழித்து மறுபடி ஏற்றிப் பார்த்தாகிவிட்டது. எச்டிஎம்ஐ கேபிளும் மாற்றியாகிவிட்டது. பட்டையே மட்டமான சரக்கு, வேறு வாங்கு என்கிறார் நண்பர். வாங்குவதற்கு முன் உங்களைக் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.


வைஃபை_வேந்தன் எழுதியது:

வைஃபைதான் பிரதர். ஈஎஸ்பி 32 பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். அடுக்குமாடியில் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லார் ரவுட்டரும் அதில்தான் நெருக்கியடிக்கும். அதுவும் டிவியின் முதுகுக்குப் பின்னால் மாட்டினால் சிக்னல் எப்படி வரும்? சேனலை மாற்றிப் பாருங்கள், டபிள்யூஎல்இடியில் வைஃபை உறக்கத்தை அணையுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் கடையில் ரெடிமேடாக விற்கிறார்கள், ஒன்று வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாகப் படம் பாருங்கள் லா.


பழைய_மீட்டர் எழுதியது:

வைஃபை தடுமாறினால் விளக்குகள் உறையும், தாமதமாகும், விட்டு விட்டு மாறும். தொடக்கத்தில் வெள்ளையாகவும் கடைசியில் சிவப்பாகவும் ஒழுங்காக வரிசைபோட்டு நிறம் மாறாது. தம்பி சொல்வது அச்சு அசலாக வோல்டேஜ் பிரச்சினை. பட்டை மேல் பழி போட வேண்டாம், இப்போதைக்குக் காசையும் செலவழிக்க வேண்டாம்.

நான் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவன். அங்கே மீட்டர் வைத்துப் பார்க்காமல் வாயைத் திறந்தால் ஃபோர்மேன் திட்டுவார். இங்கே மன்றத்தில் பாதிப்பேர் கோளாறு என்றவுடன் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறார்கள். கம்பியில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

கணக்கைப் பாருங்கள். ஒரு டபிள்யூஎஸ் 2812பி விளக்குக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சில்லுகள். ஒவ்வொன்றுக்கும் 20 மில்லி ஆம்பியர், முழு வெள்ளைக்கு 60. உங்கள் 228 விளக்குக்கு 13.7 ஆம்பியர் வருகிறது. இப்போது வரும் பல பட்டைகள் இதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இழுக்கும், ஆனாலும் திட்டம் போடும்போது 60 என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் அடாப்டரோ 10 என்கிறது. அதன் முனையில் இருப்பது சாதாரண உருளைப் பின் என்றால், அந்தப் பின்னே பெரும்பாலும் 5 ஆம்பியருக்குத்தான் செய்தது. அட்டையில் என்ன அச்சடித்தாலும் சரி.

சிவப்பாக மாறுவது ஏன்? சிவப்புச் சில்லு எரிய ஏறக்குறைய 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். பட்டையில் உள்ள செப்புத் தகடு மெல்லியது. ஒவ்வொரு விளக்கும் தன் பங்கை எடுக்க எடுக்க வோல்டேஜ் குறைந்துகொண்டே போகும். பந்தியில் கடைசி இலைக்குப் பாயசம் வராத கதைதான். முதலில் நீலம் வாடும், வெள்ளை மஞ்சளாகும். அப்புறம் பச்சையும் வாடும், ஆரஞ்சாகும். கடைசியில் மிஞ்சுவது சிவப்பு. உங்கள் சுவரில் வரிசையாக நடப்பது இதுதான்.

ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். டபிள்யூஎல்இடியில் முழு வெள்ளை, முழு வெளிச்சம் வைத்து, எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். அணைத்துவிட்டு அளந்தால் எல்லா இடத்திலும் 5 காட்டும், அதில் பிரயோசனம் இல்லை. முதல் விளக்கில் ஒரு அளவு, கடைசி விளக்கில் ஒரு அளவு. இரண்டு இடத்திலும் 5 வோல்ட் புள்ளிக்கும் கிரவுண்ட் புள்ளிக்கும் நடுவே. பிறகு எல்லாவற்றையும் கறுப்பாக்கி முதல் விளக்கில் இன்னொரு அளவு. எண்களை இங்கே எழுதுங்கள். மீட்டரின் முள் இரண்டு புள்ளிகளையும் சேர்த்துத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


பூன்லே_ரசிகன் எழுதியது:

அண்ணே, அளந்துவிட்டேன். முழு வெள்ளையில் முதல் விளக்கில் 4.6 வோல்ட். கடைசி விளக்கில் 3.2. எல்லாம் கறுப்பாக இருக்கும்போது முதல் விளக்கில் 5.1. அடாப்டர் முனை நீங்கள் சொன்ன உருளைப் பின்தான். வெள்ளையில் கொஞ்ச நேரம் விட்டால் பின்னைச் சுற்றி விரல் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அடாப்டரிலிருந்து வரும் கம்பியும் காதுக்கேட்பி கம்பி கனம்தான் இருக்கிறது.

கடைசிவரை ஒரே அளவு வோல்ட் வர என்ன செய்ய வேண்டும்? பெரிய இரும்புப் பெட்டி மாதிரி பவர் சப்ளை விற்கிறார்களே, அதை வாங்கிவிடவா?


பொங்கோல்_அக்கா எழுதியது:

தம்பி, அந்த இரும்புப் பெட்டி வேண்டாம். அதில் 230 வோல்ட் முனைகள் திருகோடு வெளியே தெரியும். பூமிக்கம்பி இழுத்து, மூடி போட்டு, காற்றோட்டம் பார்த்துச் செய்யத் தெரிந்தவர்களுக்கு அது சரி. அம்மா துடைக்கும் டிவி மேசைக்குப் பின்னால் அதை வைக்காதே. பாதுகாப்பு முத்திரை உள்ள மூடிய அடாப்டராகவே பார், 5 வோல்ட் 5 ஆம்பியரில் இரண்டு. இப்போது வைத்திருக்கும் சூடான ஆளை இன்றைக்கே பிளக்கிலிருந்து கழற்றிவிடு.

எங்கள் வீட்டிலும் இதே அளவு டிவிதான், நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். வலப்பக்கமும் மேல்பக்கமும் சேர்ந்து ஒரு பாதி, இடப்பக்கமும் அடிப்பக்கமும் இன்னொரு பாதி, ஆளுக்கு 114 விளக்கு. இடது மேல் மூலையில் 5 வோல்ட் தகட்டை மட்டும் வெட்டிவிடு. கிரவுண்டும், நிறக் கட்டளை போகும் டேட்டாவும் தொடர்ந்து போகட்டும். ஒரு பாதிக்கு ஒரு அடாப்டர். இரண்டின் 5 வோல்ட்டும் எங்கேயும் ஒட்டக் கூடாது. இரண்டின் கிரவுண்டும், ஈஎஸ்பியின் கிரவுண்டும் கட்டாயம் ஒன்றாகச் சேர வேண்டும். அது சேரவில்லை என்றால் டேட்டாவுக்கு அர்த்தமே இல்லை.

உன் பட்டை தொடங்கிய இடத்திலேயே முடிவதால் வேலை சுலபம். இரண்டு அடாப்டரையும் வலது கீழ் மூலையிலேயே வைக்கலாம். அங்கிருந்து ஒவ்வொரு பாதிக்கும் தடித்த கம்பியை இடது மேல் மூலைக்குக் குறுக்காக இழுத்து, அந்த முனையிலும் மின்சாரம் கொடு. 55 அங்குலத்துக்குக் குறுக்குத் தூரம் 1.4 மீட்டர், போக வர 2.8. கம்பி 18 கேஜ் (எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்) என்றால் 4 ஆம்பியரில் கால் வோல்ட் போகும். 24 கேஜ் போட்டால் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் கம்பியிலேயே கரைந்துவிடும், அப்புறம் எதற்கு அந்தக் கம்பி? ஒவ்வொரு 5 வோல்ட் கம்பியின் தொடக்கத்திலும் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று.

வெளிச்சத்தைப் பாதிக்குக் கட்டிவிடு. முழு வெள்ளையிலும் ஒரு பாதிப் பட்டை 3.4 ஆம்பியரைத் தாண்டாது, அடாப்டர் பின்னும் பிழைக்கும். டபிள்யூஎல்இடியில் வெளியிலிருந்து டேட்டா வரும்போது முழு வெளிச்சத்தைக் கட்டாயப்படுத்தும் ஒரு தேர்வு இருக்கிறது, அது அணைந்திருக்கிறதா பார். படம் பார்க்கும்போது சுவர் பாதி வெளிச்சத்தில் இருந்தாலே தாராளம். முழுசாக வைத்தால் கண்ணைக் குத்தும்.

பொருளுக்கு சிம் லிம் டவருக்குப் போ, ஜாலான் புசாரில் இருப்பது. சிம் லிம் ஸ்குவேர் இல்லை, அங்கே கணினியும் கைப்பேசியும்தான். டவரில் கம்பியை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். ஃபியூஸ், பின் எல்லாம் சில்லறையாகக் கிடைக்கும், சில வெள்ளியில் முடிந்துவிடும். அப்படியே நடந்து தேக்கா சந்தைக்குப் போய் மீனும் வாங்கிக்கொண்டு வந்தால் வீட்டில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், இது என் அனுபவம்.

மூன்றாவது தொல்லைக்கும் கம்பிக்கும் சம்பந்தம் இல்லை. கட்டணச் செயலிகள் எச்டிசிபி என்ற பூட்டோடு படத்தை அனுப்புகின்றன. கேப்சர் கார்டு அந்தப் பூட்டைத் திறக்காது, கறுப்புதான் வரும். கறுப்பு வந்தால் விளக்கு அணையத்தானே செய்யும். டிவிக்குள்ளேயே இருக்கும் செயலியில் பார்த்தாலோ படம் எச்டிஎம்ஐ வழியாக வெளியே வருவதே இல்லை, கார்டுக்கு எதுவும் தெரியாது. இதற்கு நேர்மையான வழி, திரையைப் பார்த்தபடி ஒரு சின்ன யூஎஸ்பி கேமரா வைப்பது. நிறத் துல்லியம் கொஞ்சம் குறையும், ஆனால் எந்தச் செயலியிலும் வேலை செய்யும்.

வெளுத்த நிறம் எச்டிஆர் படங்களில் வருவது. அதில் வெளிச்சமும் நிறமும் வேறு அளவுகோலில் பதிவாகியிருக்கும். கார்டு அதைச் சாதாரணப் படம் மாதிரி படித்தால் சாயம் போன துணி கணக்காகத்தான் வரும். ஹைப்பர்எச்டிஆர் என்ற பெயரே அதைச் சரிசெய்யத்தான். டோன் மேப்பிங்கை இயக்கி, உன் கார்டுக்கு ஏற்ற நிற அட்டவணைக் கோப்பையும் ஏற்று.


பூன்லே_ரசிகன் எழுதியது:

அக்கா, டவருக்குப் போய் வந்தாச்சு, மீனும் வாங்கியாச்சு. சொன்னபடியே இரண்டு அடாப்டர், 18 கேஜ் கம்பி, ஃபியூஸ் எல்லாம் போட்டு சால்டர் செய்தேன். நிறம் அருமை! சுற்றிலும் ஒரே வெள்ளை. பாதி வெளிச்சத்தில் கடைசி விளக்கில் 4.8 வோல்ட், முதல் விளக்கில் 5.0. எச்டிஆர் அட்டவணையும் ஏற்றினேன், படங்களுக்கு உயிர் வந்துவிட்டது.

ஆனால் அந்தப் பச்சை, ஊதாப் புள்ளிகள் இருக்கிறதே, அது முன்பைவிட மோசம்! முன்பு இருட்டுக் காட்சியில் மட்டும் வந்தது, இப்போது பட்டப்பகல் காட்சியிலும் மின்னுகிறது. கிரவுண்ட் எல்லாம் சேர்த்துத்தான் இருக்கிறது, மீட்டரில் பார்த்துவிட்டேன். கரண்ட் சரியானால் இதுவும் சரியாகும் என்று நினைத்தேன்.


வைஃபை_வேந்தன் எழுதியது:

நான் அப்போதே சொன்னேன், வைஃபை.


பழைய_மீட்டர் எழுதியது:

வேந்தன் தம்பிக்கு ஒரு சோதனை: பையின் இணைப்பைத் துண்டித்துவிட்டு டபிள்யூஎல்இடியிலேயே மங்கலான ஒரே நிறம் வைத்துப் பாருங்கள். அப்போதும் புள்ளி வந்தால் வைஃபைக்கு இதில் வேலையே இல்லை.

பூன் லே தம்பி, மோசமானது நல்ல அறிகுறி. உங்கள் முதல் எண்களிலேயே விடை இருந்தது, முதலில் கரண்டைச் சரிசெய்யட்டும் என்றுதான் விட்டேன்.

டேட்டா முனையில் வரும் வோல்டேஜ் தன் சப்ளையில் 0.7 பங்குக்கு மேல் இருந்தால்தான் அதை ‘ஒன்று’ என்று இந்த விளக்கு உறுதியாக எடுத்துக்கொள்ளும். ஈஎஸ்பி 32 அனுப்புவது 3.3 வோல்ட். இப்போது உங்கள் பழைய அளவுகளைப் போடுங்கள். வெளிச்சமான காட்சியில் முதல் விளக்கில் 4.6 வோல்ட் இருந்தது, அதில் 0.7 பங்கு 3.22. உங்கள் 3.3 மயிரிழையில் தப்பித்தது. இருட்டுக் காட்சியில் விளக்குகள் கரண்ட் இழுக்காததால் 5.1-க்கு ஏறியது, 0.7 பங்கு 3.57. அங்கே 3.3 போதவில்லை, ஒன்றும் பூஜ்யமும் குழம்பிப் புள்ளிகளாக வந்தது. இப்போது எப்போதும் 5 வோல்ட் நிற்கிறது, அதாவது எப்போதும் 3.5 வேண்டும். அதனால்தான் பகல் காட்சியிலும் மின்னுகிறது. மட்டமான அடாப்டர் இதுவரை இந்தக் கோளாறைப் பாதி மறைத்துக்கொண்டிருந்தது.

வழி இரண்டு. சரியான வழி, 74ஏஎச்சிடி125 என்ற சில்லு. 5 வோல்ட்டில் ஓடும், ஆனால் 2 வோல்ட்டையே ‘ஒன்று’ என்று ஏற்றுக்கொண்டு 5 வோல்ட்டாக வெளியே அனுப்பும். வாங்கும்போது நடுவில் ‘டி’ இருக்கிறதா பாருங்கள். வெறும் 74எச்சி125 கொடுத்தால் வேண்டாம், அதுவும் 3.5 கேட்கும். டிரான்சிஸ்டரும் மின்தடையும் வைத்துச் சின்னப் பலகையில் இருபக்கமும் போகும் லெவல் ஷிஃப்டர் என்று விற்பார்கள், அதையும் தவிர்த்துவிடுங்கள். இந்தப் பட்டையின் டேட்டா வினாடிக்கு 8 லட்சம் பிட் வேகத்தில் போகிறது, அந்தப் பலகை பல நேரம் ஈடுகொடுக்காது.

இன்றிரவே வேண்டும் என்றால் டையோடு வழி. முதல் விளக்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 5 வோல்ட் தகட்டை வெட்டுங்கள். முதல் விளக்குக்கு மட்டும் ஒரு 1என்4001 டையோடு வழியாக 5 வோல்ட் கொடுங்கள், வெள்ளிக்கோடு போட்ட முனை விளக்கின் பக்கம். அது 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும், முதல் விளக்குக்கு 4.3 கிடைக்கும். அதற்கு 3.01 இருந்தாலே டேட்டா புரியும், உங்கள் 3.3 போதும். அந்த விளக்கு தன்னிடம் வந்த டேட்டாவை 4.3 வோல்ட்டில் அடுத்ததற்குத் தள்ளும், அங்கிருந்து எல்லாம் தானாகச் சரி. இரண்டாவது விளக்கிலிருந்து தொடங்கும் தகட்டுக்கு உங்கள் அடாப்டர் கம்பியை நேராக மறுபடி கொடுக்க மறக்காதீர்கள்.

எந்த வழி என்றாலும் ஈஎஸ்பிக்கும் முதல் விளக்குக்கும் நடுவே டேட்டா கம்பி ஒரு சாண் இருந்தால் போதும், அதில் 330 ஓம் மின்தடை ஒன்று. பட்டையின் தொடக்கத்தில் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்; பிளஸ், மைனஸ் பார்த்து வையுங்கள், மாற்றி வைத்தால் வெடிக்கும்.


பூன்லே_ரசிகன் எழுதியது:

கெட்டுப்போன பழைய சார்ஜர் ஒன்றைப் பிரித்ததில் 1என்4007 கிடைத்தது, அதையே போட்டேன். புள்ளிகள் சுத்தமாகப் போய்விட்டன! பையைத் துண்டித்துவிட்டு மங்கல் நீலத்தில் வெகுநேரம் வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட மின்னவில்லை. சில்லையும் அடுத்த முறை வாங்கி வைக்கிறேன் அண்ணே. முதல் விளக்குக்கு மட்டும் வோல்டேஜ் குறைவு என்பதால் அது கொஞ்சம் மங்கல். பட்டையின் முனையை மடித்து அதை டிவிக்கு உட்பக்கமாகத் திருப்பிவிட்டு, டபிள்யூஎல்இடியில் முதல் விளக்கைத் தாண்டச் சொல்லிவிட்டேன். ஹைப்பர்எச்டிஆரிலும் 227 என்று மாற்றியாகிவிட்டது.

இன்னும் இரண்டே சந்தேகம். எங்கள் சுவர் வெளிர்பச்சை, முந்தைய வீட்டுக்காரர் அடித்தது. வெள்ளைத் திரை வந்தால் சுவரில் பச்சை தூக்கலாகத் தெரிகிறது. அப்புறம், வேகமான காட்சிகளில் விளக்கு திரைக்குக் கொஞ்சம் பின்னால் வருகிறது. பட்டை நீளம் என்பதாலா?


பொங்கோல்_அக்கா எழுதியது:

நீளத்தால் இல்லை தம்பி. ஒரு விளக்குக்கு 30 மைக்ரோ வினாடி, உன் 228-க்கும் சேர்த்து 7 மில்லி வினாடிகூட ஆகாது. தாமதம் கேப்சர் கார்டிலும், நிறத்தை மெதுவாக மாற்றும் ஸ்மூத்திங்கிலும்தான். ஸ்மூத்திங் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வா. விளக்கு துடிதுடிக்க ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி ஒரு படி ஏற்று. வைஃபையை விட்டுவிட்டு ஈஎஸ்பியையும் பையையும் யூஎஸ்பி கேபிளால் இணைத்தாலும் கொஞ்சம் மிச்சமாகும். அதற்கு டபிள்யூஎல்இடிக்குப் பதில் ஹைப்பர்சீரியல் என்ற மென்பொருளை ஈஎஸ்பியில் ஏற்ற வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே: வெளிச்சத்தைப் பாதியாகக் கட்டியிருப்பது டபிள்யூஎல்இடியில். அது போனால் அந்தக் கட்டும் போகும், ஹைப்பர்எச்டிஆரில் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு அப்புறம் மாற்று.

சுவருக்கு: ஹைப்பர்எச்டிஆரின் நிறச் சீரமைப்பில் வெள்ளை என்ற வரி இருக்கும், மூன்றும் 255 என்று. பச்சையை மட்டும் 200 அளவுக்குக் குறைத்துத் தொடங்கு. இரவில், அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையில் வெறும் வெள்ளைப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு பார். சுவரும் திரையும் ஒன்றாகத் தெரியும்வரை ஐந்து ஐந்தாக நகர்த்து. நீலமும் தூக்கலாகத் தெரிந்தால் அதையும் கொஞ்சம் இறக்கு, இந்தப் பட்டைகளின் வெள்ளை இயல்பாகவே கொஞ்சம் நீலம் தட்டும். அடிப்பக்கப் பட்டையின் பசை நம் ஊர் ஈரப்பதத்துக்குத் தாங்காது, டிவி சூடும் சேர்ந்தால் ஒருநாள் தொங்கும். ஆல்கஹால் வைத்துத் துடைத்துவிட்டு ஒட்டினாயா?


பூன்லே_ரசிகன் எழுதியது:

துடைத்துத்தான் ஒட்டினேன் அக்கா, மூலைகளில் மட்டும் கிளிப்பும் போட்டிருக்கிறேன். பச்சை 190-இல் நிற்கிறது, நீலம் 230. அம்மா பார்த்துவிட்டு, “இப்போதுதான் கண்ணுக்கு உறுத்தாமல் இருக்கிறது, இனிமேல் கை வைக்காதே” என்றார். யூஎஸ்பி கேபிளை அவர் தூங்கியபிறகு இழுக்கிறேன்.